தலையில் கட்டிய பார்

என் தலைமேல் முதல் குண்டு விழுந்தபோது நான் சேப்பங்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். சத்தம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. தண்ணீருக்குள் வெடித்தால் அப்படித்தான், காதுக்கு முன்னால் காலுக்குத் தெரிந்துவிடும். எங்கள் தீவே காயலுக்குள் கல்லை அடுக்கிக் கட்டியது. அந்தக் கல்லுக்கு அடியிலிருந்து ஓர் அதிர்வு கிளம்பி உள்ளங்காலில் ஏறியது. கத்தி நழுவிக் கட்டைவிரலில் இறங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். வீட்டு வாசல்களில் நின்றவர்கள் ஒருவரும் கடலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள்.

ஏனென்றால் சுலுவோ பார், எங்கள் ஊர் மீன் பிடிக்கிற அந்தப் பவளப்பாறை, என் தலையில் கட்டியது. எங்கள் மலைட்டாத் தீவுப் பக்கத்தில் ஒரு பவளப் பாரையோ தோப்பையோ யாரும் தொடக்கூடாது என்றால், ஆண் ஒருவன் ஊர் கூடிய இடத்தில் நின்று தன் வீட்டுப் பெண்ணின் பேரைச் சொல்லிச் சபதமாக ஒரு வாக்குப் போடுவான். என் அண்ணன் தொலோவாசி போட்ட வாக்கு இது: “சுலுவோ பாருல வெடி போடுறவன் என் தங்கச்சி ஹில்டா தலையில போட்டவன்.” அதற்கப்புறம் போடுகிறவன் எவனாக இருந்தாலும் அண்ணன் அவன் ரத்தத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பார்க்காவிட்டால் அவன் ஆண்பிள்ளை இல்லை, எனக்கும் மானம் இல்லை. இதில் என்னை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. தலை என்னுடையது, வாய் அவனுடையது.

“என்னைக் கேட்டியா அண்ணே?” என்று அன்றைக்கே சண்டைக்குப் போனேன்.

“கேட்டா வேணாம்னு சொல்லுவே.”

“வேற தலையே கிடைக்கலையா உனக்கு?”

“உனக்கு எத்தனை அண்ணன் தம்பி இருக்கானுங்க, எண்ணிப் பாரு. பெரியப்பன் வீடு, சித்தப்பன் வீடு, எல்லாரும் கத்தி எடுப்பானுங்க. உன் தலைன்னா எவனும் கிட்ட வர மாட்டான்.”

அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை. அவனுடைய மூத்த மகன் ஹெட்லி அந்தப் பாரில்தான் செத்தான். கடல் அட்டை எடுக்க முங்கியிருந்தான். மேலே யாரோ மீனுக்குப் பாட்டில் குண்டு போட்டுவிட்டுப் போனார்கள். கீழே ஆள் இருக்கிறானா என்று எட்டிப் பார்க்கக்கூட அவர்களுக்கு நேரமில்லை. ஹெட்லியைத் தோணியில் தூக்கிப் போட்டபோது உடம்பில் ஒரு கீறல் இல்லை. காது, மூக்கு, வாய், கண் எல்லாவற்றிலிருந்தும் ரத்தம் வந்துகொண்டே இருந்தது. அண்ணன் தன் சட்டையால் துடைத்தான், அது நனைந்ததும் என் துணியால் துடைத்தான். உள்ளே எல்லாம் கிழிந்துபோன பிள்ளையை வெளியே துடைத்து என்ன ஆகும். அண்ணி அந்த இடத்திலேயே விழுந்தாள். அதற்குப் பிறகு அவள் சரியாக எழவே இல்லை.

வெடி போட்டு மீன் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் டவுனில் குடியிருக்கிறது, டவுனுக்கும் எங்களுக்கும் நடுவே அரைநாள் கடல். போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனது. பார்த்தவன் எவனும் வாயைத் திறக்கவில்லை. பார்த்தவன் வீட்டு அடுப்பிலும் அந்த மீன்தானே வெந்தது. அதனால்தான் அண்ணன் என் தலையை எடுத்தான்.

சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, அந்த வாக்கு வேலை செய்தது. இரண்டு மழைக்காலம் ஒருவனும் சுலுவோ பக்கம் வெடியோடு போகவில்லை. செத்து வெளுத்துக் கிடந்த கல்லில் மறுபடி நிறம் ஏறியது. ஓரா மீன் கூட்டம் கூட்டமாக வந்தது. கிளிமீன்கள் பாரைக் கடிக்கிற சத்தம் முங்கினால் கேட்டது. “ஹில்டா, உன் தலையில பேன் இல்ல, மீன்தான் மேயுது” என்று பெண்கள் கிண்டல் பண்ணுவார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். தலைக்கனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தலையில்தான் அன்றைக்கு வெடித்தது.

நாங்கள் தோணி எடுத்துக்கொண்டு போவதற்குள் சதுப்புக் காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மோட்டார் படகின் சத்தம் தேய்ந்துவிட்டது. பாரின் மேல் தண்ணீர் பால் மாதிரி கலங்கிக் கிடந்தது. ஓரா, மடவை, கிளிமீன் எல்லாம் வயிறு மேலாக மிதந்தன. சிலதுக்கு இன்னும் செவுள் அசைந்தது. ஒன்றைக் கையில் எடுத்தேன், உள்ளே முள் நொறுங்கித் துணிபோலத் தொங்கியது. பெரிய மீன் போகட்டும், பொடிக் குஞ்சு அத்தனையும் தவிடாக மேலே படர்ந்திருந்தது. அவர்கள் அள்ளிக்கொண்டு போனது கொஞ்சம், கொன்றுவிட்டுப் போனது ஒரு தலைமுறை. கீழே முங்கிப் பார்த்துவிட்டு வந்த என் சித்தப்பன் மகன் பாசியா, “கல்லு பூரா சில்லு சில்லாப் போச்சுக்கா” என்றான். அவன் அழுதுகொண்டிருந்தான், கடல்தண்ணீர் என்று சொல்லிக்கொண்டான்.

அந்த மீனை ஒருவரும் தின்னக்கூடாது. தின்றால் என் தலையைத் தின்றதாக அர்த்தம். பெண்கள் எல்லோரும் கூடை கூடையாக அள்ளிச் சதுப்புச் சேற்றில் புதைத்தோம். அண்ணன் கரையில் நின்று கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். 

“டட்லியாத்தான் இருக்கும்” என்றான் பாசியா. டட்லி தலைநகரான ஹோனியாராக்காரன், ஐஸ் பெட்டிகளோடு படகில் வந்து மீன் வாங்குகிறவன். பழைய போரில் விட்டுப்போன குண்டுகள் அங்கே காட்டில் இன்னும் கிடக்கின்றன. அதை அறுத்து மருந்தெடுத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள், டட்லி அவர்களிடம் வாங்குகிறான் என்று ஊருக்கே தெரியும்.

“டட்லிக்குச் சுலுவோவுக்கு வழி தெரியாது” என்றான் அண்ணன். “வாய்க்கால் திரும்புற இடத்துல கல்லுல மோதிருப்பான். நம்ம ஆள் ஒருத்தன் முன்னால உக்காந்து வழி காட்டியிருக்கான். அவன் யாருன்னு மட்டும் தெரியட்டும்.”

எனக்கு அப்போதுகூடத் தோன்றவில்லை. பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

சாயங்காலம் என் மகன் அல்பன் வந்தான். எனக்கு ஒரே பிள்ளை. அவன் அப்பா மீன் கப்பலில் வேலைக்குப் போனவர், போனவர்தான். அண்ணன்தான் தோளில் தூக்கி, நீச்சல் பழக்கி, ஹெட்லியோடு ஒன்றாக இவனையும் வளர்த்தான். வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பாக்கு மென்றுகொண்டிருந்தவனை, “அல்பா, கிழங்கு வெந்துருச்சு” என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு நாய் திரும்பிப் பார்த்தது, இவன் திரும்பவில்லை. கிட்டே போனேன். இடது காதோரம் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. புருவம் கருகியிருந்தது.

அவனை முடியைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்தேன். அவன் என்னைவிட ஒரு தலை உயரம், ஆனாலும் வந்தான்.

“நீயாடா?”

“மெதுவாப் பேசும்மா.”

“நீயாடா?”

“ஆமா. அதுக்கு என்ன இப்போ?”

கன்னத்தில் அறைந்தேன். மறுபடி அறைந்தேன். கட்டைவிரல் காயம் பிளந்து என் ரத்தம் அவன் முகத்தில் ஒட்டியது. அவன் துடைக்கவில்லை. சிரிக்கப் பார்த்தான்.

“யோசிச்சுப் பாரும்மா. வேற எவன் போட்டாலும் வெட்டுவாங்க. ஆனா அது உன் தலை. நான் உன் புள்ள. நீ மன்னிச்சுட்டா முடிஞ்சுது. நான் மட்டுந்தான் அங்க போடலாம், வேற யாரும் போட முடியாது. அதான் டட்லி என்கிட்ட வந்தான்.”

இப்படி ஒரு கணக்கு. ஊரே பயந்து ஒதுங்கி மீனைப் பெருக்கி வைத்திருக்கிறது, அம்மா தலை என்பதால் தனக்கு மட்டும் திறந்திருக்கிறது என்று நினைத்திருக்கிறான். வேலியே பயிரை மேய்வது என்பார்கள். என் வயிற்றில் பிறந்த வேலி.

“உன் ஹெட்லி எப்படிடா செத்தான்?”

முகம் மாறியது. “அது டட்லி. அவனே சொன்னான். தெரியாம நடந்துருச்சுன்னு சொன்னான்.”

“சொன்னானா? அதுக்கப்புறமும் அவன்கூடப் போனியா?”

“செத்தவன் வரப்போறதில்லம்மா. எனக்கு ஒரு மோட்டார் தர்றேன்னு சொல்லியிருக்கான். இன்னும் ஒரு தடவைதான். நாளைக்கு விடியக்காலை, அதோட சரி.”

“உன் மாமன் உன்னை வெட்டுவான்.”

“மாமா என்னை வெட்டாது. நீ சொன்னா கேக்கும்.”

அவனுக்குத் தன் மாமனைத் தெரியவில்லை. வாக்குப் போட்டவனுக்கு அதைத் திருப்பி எடுக்க வழியில்லை, என் மன்னிப்பு அதில் எங்கேயும் இல்லை. காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். போகமாட்டேன் என்று கடைசியில் தலையாட்டினான். நான் நம்பவில்லை. கல் மேட்டு முனையில்தான் ஃபோனுக்குச் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் டவுன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பேசினேன். விடியற்காலை சுலுவோ பாருக்கு வாருங்கள், வெடி போட வருகிறார்கள் என்றேன். யார் யார் என்று கேட்டார்கள். டட்லி என்றேன். இன்னொருவன் பேரைக் கேட்டார்கள். என் மகன் பேரைச் சொன்னேன். அவனை ஜெயிலில் போட்டால் உயிரோடாவது இருப்பான், எனக்கு அது போதும் என்று இருந்தது.

விடியும்போது அவன் பாய் காலியாகக் கிடந்தது. என் பெரிய துடுப்பை எடுத்துக்கொண்டு தோணியில் குதித்தேன். அண்ணன், அவன் ஆட்கள் தோணிகளும் கரையில் இல்லை. ருசி கண்டவன் மறுபடி வருவான் என்று அவர்கள் சதுப்புக் காட்டுக்குள் ஒளிந்து காத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

நான் வாய்க்கால் திரும்பும்போது மோட்டார் படகு பாரின் நடுவில் நின்றது. அல்பன் முன்னால் நின்றுகொண்டிருந்தான், கையில் பாட்டில், உதட்டில் சிகரெட். “போடாதடா” என்று கத்தினேன். அவனுடைய கெட்ட காது என் பக்கம் இருந்தது. போட்டான். தண்ணீர் மேலே எழும்பி விழுந்தது, என் தோணி ஒரு பக்கமாகத் தூக்கிப் போட்டது. அந்த வெடி ஓய்வதற்குள் சதுப்பிலிருந்து தோணிகள் பாய்ந்து வந்தன.

டட்லி மோட்டார் கயிற்றை இழுத்தான், மோட்டார் பிடிக்கவில்லை. முதலில் நெருங்கியது பாசியாவின் தோணி. டட்லி இன்னொரு பாட்டிலைப் பற்றவைத்து அதன்மேல் எறிந்தான். ஆள் மேல் எறிந்தான், மீனுக்கு இல்லை. அது தோணியின் ஓரத்தில் பட்டு வெடித்தது. மரம் பிளந்தது. பாசியா தண்ணீரில் கிடந்தான், தொடைச்சதை கிழிந்து உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்தது. அவனைச் சுற்றித் தண்ணீர் சிவந்தது. மற்றவர்கள் மோட்டார் படகில் ஏறினார்கள். கத்தியின் முதல் வீச்சில் டட்லியின் காது பிய்ந்து தொங்கியது. அடுத்தது தோளில் இறங்கியது. அவன் விழுந்தபிறகு துடுப்பால் அடித்தார்கள், வாயில் பல் இல்லாமல் ஆகும்வரை அடித்தார்கள். ஐஸ் பெட்டி உடைந்து, ஐஸும் ரத்தமும் மீனுமாகப் படகில் அவன் புரண்டான். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

அப்போதுதான் அண்ணன் அல்பனைப் பார்த்தான். ஒரு கணம் அவனுக்குப் புரியவில்லை, காப்பாற்ற வந்தவன் என்று நினைத்தானோ என்னவோ. பிறகு புரிந்தது. அவன் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

அல்பன் குதித்து நீந்தினான். பாரின் உச்சியில் இடுப்பளவு தண்ணீர்தான் இருந்தது. உடைந்த கல்லில் கால் அறுபட்டுத் தடுமாறினான். அண்ணன் பின்னாலேயே குதித்து அவன் முடியைப் பிடித்துக் கழுத்தை வளைத்தான். பன்றிக்குப் பிடிக்கிற பிடி அது.

“மாமா” என்றான் அல்பன்.

“அப்படிக் கூப்பிடாத. வாயைத் திறக்காத.”

“மாமா, அது அம்மா தலை, அம்மா மன்னிச்சு—”

“உன் அண்ணன் ஹெட்லி செத்த இடம்டா இது. இதுலயா நின்னுக்கிட்டு பேசுற?”

கத்தி மேலே போனது. நான் தோணியிலிருந்து விழுந்து எழுந்து ஓடினேன். தண்ணீரில் ஓடுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், கால் முன்னால் போகாது. அண்ணன் கையைப் பிடிக்க எனக்கு வலுவில்லை. கெஞ்சினால் கேட்கிற நிலையில் அவன் இல்லை. ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. வாக்கு ரத்தத்தைத்தான் கேட்டது, யார் எடுக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

கையில் இருந்த துடுப்பை ஓங்கி என் மகனின் வலது கையில் அடித்தேன். முதல் அடி தோளில் பட்டு வழுக்கியது. அவன் என்னைப் பார்த்தான். “அம்மா” என்றான், சின்ன வயதில் கூப்பிடுவதுபோல. இரண்டாவது அடி முழங்கையில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவன் அலறினான். நான் நிறுத்தவில்லை. மூன்றாவது அடியில் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. ரத்தம் பாரின்மேல் கொட்டியது.

“பாத்துக்கோ அண்ணே” என்றேன். எனக்கு மூச்சு வரவில்லை. “என் தலை. என் ரத்தம். நான் வாங்கிட்டேன். இனி இவன்மேல யாரும் கை வைக்கக் கூடாது.”

“விலகு ஹில்டா. ஒரு கை போதாது.”

“போதும். ரத்தம்னுதான் சொன்னே. உசுருன்னு சொல்லல. ஊரே கேட்டுச்சு.”

“என் புள்ள போய்ட்டான்.”

“அவனைக் கொன்னவன் அந்தா படகுல கிடக்கான். இது நீ தூக்கி வளத்தது. கழுத்துதான் வேணும்னா முதல்ல என் கழுத்த வெட்டு. என் தலையைக் காக்கத்தானே வாக்குப் போட்டே?”

கத்தி இறங்கவும் இல்லை, விலகவும் இல்லை. அல்பன் வாந்தி எடுத்தான். அவனுடைய முடி இன்னும் அண்ணன் கையில்தான் இருந்தது. பிறகு அந்தக் கை தானாகத் திறந்தது. அண்ணன் கத்தியைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து, கழுத்தளவு தண்ணீரில் அழுதான். ஹெட்லி செத்தபோதுகூட அவன் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

போலீஸ் படகு வந்தது. பாசியா பிழைத்தான், ஆனால் அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறான். டட்லி ஹெட்லியின் சாவுக்கும் சேர்த்து நீண்ட காலம் உள்ளே இருப்பான். அல்பனின் கையைப் பார்த்த போலீஸ்காரர், “சண்டையில உடைஞ்சுதுன்னு போட்டுக்கவா?” என்று கேட்டார். நல்ல மனுஷன், எனக்கு உதவுவதாக நினைத்தார்.

“நான் உடைச்சேன். அப்படியே எழுதுங்க” என்றேன். “பெத்தவ உடைச்சான்னு எழுதுங்க.”

அல்பன் தண்டனை முடிந்து வந்துவிட்டான். வலது கை கோணலாக ஒட்டியிருக்கிறது, தோளுக்கு மேல் தூக்க வராது. இடது கையால் சாப்பிடுகிறான். மாமனோடு சேர்ந்து வலை பின்னுகிறான், இருவரும் பேசிக்கொள்கிறார்கள். என்னோடு பேசுவதில்லை. என் பக்கத்தில் உட்கார நேர்ந்தால் கேட்காத காதை என் பக்கமாக வைத்துக்கொண்டு உட்காருகிறான். நான் செய்ததற்கு நான் வருந்தவில்லை. ஆனால் ராத்திரியில் அந்த எலும்புச் சத்தம் கேட்டு எழுந்து உட்காருகிறேன், இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

போன வாரம் காயலின் அந்தக் கரையிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அவர்கள் பாரிலும் வெடி ஆரம்பித்துவிட்டதாம். பன்றி, பாக்கு, கிழங்கு எல்லாம் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். அவர்களுடைய பெரியவர் பேசினார்.

“உன் தலையை எங்களுக்கும் குடும்மா. உன் தலைன்னா இந்தக் காயல்ல ஒருத்தனும் தொட மாட்டான். சொந்தப் பிள்ளையையே உடைச்ச தலை.”

புகழ்வதாக நினைத்துத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூலையில் வலை பின்னிக்கொண்டிருந்த அல்பன் கையை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பி, நல்ல காதை என் பக்கம் வைத்தான்.

“என் தலை எதுக்கு? எனக்கு இருந்த ஒரு பிள்ளையால இனிமே எதையும் எறிய முடியாது. நான் உங்க பாரைக் காவல் காக்க மாட்டேன், தூங்கிடுவேன்” என்றேன். “உங்க ஊர்லயே எறியிற வயசுல பையன் வச்சிருக்கிற பொம்பள ஒருத்தி தலையில கட்டுங்க. அவ தூங்க மாட்டா.”

 அவர்களோடு ரோடா என்று ஒருத்தி வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். படகை ஓட்டி வந்த அவளுடைய இரண்டு மகன்களும் வாசலில் நின்றார்கள், நல்ல உயரம், நல்ல தோள். பெரியவர் அவளைப் பார்த்தார். பிறகு எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. திரும்பித் தன் மகன்களின் கைகளை வெகுநேரம் பார்த்தாள். பின்பு சரி என்றாள்.